ஐந்தாவது ஜோடி

“பள்ளம்” என்றாள் பாலம்மாள்.

பின்சீட்டில் இருந்த நவநீதகிருஷ்ணன் உடனே உடம்பைத் தூக்கிக்கொண்டார். சைக்கிள் குலுங்கி இறங்கி ஏறியது.

இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள். முன்னால் கண் தெரிந்தவர், பின்னால் கண் தெரியாதவர். முன்னால் இருப்பவர் வழியில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் அதை அப்படியே நம்ப வேண்டும். அவர்களுடைய சைக்கிள் கிளப்பில் இது ஒன்றுதான் சட்டம்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு காலை. எட்டு சைக்கிள்கள் விஸ்வநத்தம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடந்ததால் ரோட்டில் ஒரு வேன்கூட இல்லை. இரவெல்லாம் பெய்த மழையில் காது மடல் விறைத்தது. வருசமெல்லாம் வெயிலில் வேகிற ஊர்க்காரர்கள், இந்தக் குளிருக்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு காஷ்மீருக்குப் புறப்பட்டவர்களைப்போல வந்திருந்தார்கள்.

நவநீதகிருஷ்ணன் பட்டாசு முதலாளி. இரண்டு வருசத்துக்கு முன் சர்க்கரை நோய் அவருடைய கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ‘பொம்பளைக்குப் பின்னாலயா உக்காரணும்?’ என்று முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். இருபது வருசம் ஊர் ஊராகத் தபால் கொண்டுபோய் மிதித்த கால் என்று கிளப்பில் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். இது நான்காவது ஞாயிறு. இன்னும் அவள் பேரைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பாள். அவள் கிளப்பில் சேர்ந்ததே அவருக்காகத்தான்.

ஆறு வருசத்துக்கு முன், தீபாவளி சீசனில், அவருடைய ஆலையில் ஓர் அறை வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள் என்று எழுதினார்கள். பாலம்மாளின் மகள் அனுப்பிரியா, கல்லூரி லீவில் அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவளும் அன்று வீடு திரும்பவில்லை.

‘அப்படிப் பேருல ஒரு பிள்ளை எங்க கம்பெனிக்கு வந்ததே இல்ல. எவங்கூடயாச்சும் ஓடிப் போயிருக்கும்’ என்று ஸ்டேஷனில் சொன்னார் நவநீதகிருஷ்ணன்.

ஊர் நம்பியது. இந்த மாதிரிச் சேதியை நம்புவதற்கு ஊருக்கு ஆதாரம் வேண்டுமா என்ன? பெற்ற அப்பனே நம்பினான்.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டில் கன்னித் தெய்வமாக வைத்து, சிற்றாடையும் வளையலும் படைத்துக் கும்பிடுவார்கள். ஓடிப்போனவளை யார் கும்பிடுவார்கள்? அனுப்பிரியாவின் படத்தைச் சுவரில் மாட்டக்கூடப் பாலம்மாளை விடவில்லை.

வழியில் வரும் பாலத்துச் சரிவில் ஹேண்டில்பாரை ஒரு வெட்டு வெட்டினால் போதும். மூன்று ஞாயிறும் அந்த இடத்தில் அவளுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அவர் செத்தால் அவர் வாயும் சேர்ந்து செத்துப்போகும். அந்த வாய்தான் அவளுக்கு வேண்டும்.

இன்று அவள் சைக்கிள்தான் முதலில் போனது. கருவேலங்காட்டுக்குள் பிரியும் மண்பாதையில் திருப்பினாள். மற்ற ஏழும் பின்னாலேயே திரும்பின.

“கோயில் வந்திருச்சு. செருப்பைக் கழத்திட்டு இறங்குங்க” என்றாள்.

“எந்தச் சாமிம்மா?”

“கன்னி.”

அவர் பயபக்தியோடு கழற்றினார். அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் ஈரமான சிமெண்டுத் தரையில் நிறுத்தினாள். மேலே கூரை இல்லை. மூன்று சுவர்கள் கரிந்து நின்றன. அவர் கையைக் கூப்பி, உதடு அசையக் கும்பிட்டார். பார்வையைத்தான் கேட்டிருப்பார்.

பாலம்மாள் அவருடைய செருப்புகளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிணற்றுக்குப் போனாள்.

ஒன்றைப் போட்டாள். தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

அவருடைய உதடு நின்றது.

இன்னொன்றையும் போட்டாள்.

கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. கால் விரல்களால் தரையைத் தடவிப் பார்த்தார்.

வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. வெளியே மரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அறைக்கு நான்கு பேர் என்பது அரசாங்க விதி. வெடித்த அறைக்குள் எண்ணிப் பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை, அதனால் மரத்தடிச் செருப்பைத்தான் எண்ணினார்கள். வெடித்தபோது அங்கே ஐந்து ஜோடி கிடந்தன. போலீஸ் வந்தபோது நான்கு.

ஐந்தாவது ஜோடி, போன கோடையில் இந்தக் கிணறு வற்றியபோது சேற்றோடு மேலே வந்தது. பாலம்மாள் மகளுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். கிணற்றில் கிடக்கிற செருப்பெல்லாம் சாட்சியா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

நவநீதகிருஷ்ணன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். நான்கு ஞாயிறில் முதல்முறையாக, அவள் யார் என்று கேட்டார்.

“அனுப்பிரியாவுக்கு நீங்க என்ன வேணும்?”

பாலம்மாள் பாதையில் நின்ற ஏழு சைக்கிள்களைப் பார்த்து, “செருப்பு கிணத்துல விழுந்த சத்தத்துக்கே எம் மக பேரைச் சொன்னாரே, கேட்டீகளா?” என்றாள்.

அந்தப் பேரும் அதன் கதையும் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

“கேட்டுச்சு தாயீ” என்றார் ஒரு பின்சீட்டுக்காரர். அடுத்தவரும் சொன்னார். கண் தெரியாத ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்.

பாலம்மாள் அந்தத் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, மகள் செத்ததற்கு அன்றுதான் அழுதாள்.

“யாராச்சும் கையப் பிடிங்கய்யா” என்று நவநீதகிருஷ்ணன் கையை நீட்டினார்.

கண் தெரிந்த ஏழு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.