நிற்காத சிவப்புப் புள்ளி

தியாகதுருகம் மலைக்கோட்டையில், ஆராய்ச்சிக்காரர்களின் மடிக்கணினித் திரையை ராஜாம்பாள் மூச்சடக்கிப் பார்க்கிறாள். கண் போகும் இடத்தைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊர் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி மதிலோரம் நடக்கிறாள். அவள் பார்க்குமிடமெல்லாம் திரையில் சிவப்புப் புள்ளி ஊர்கிறது. இடிந்த மதிலின் ஒரு பாகத்தைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பால் பூசியவள் ராஜாம்பாள். புள்ளி அங்கே தங்கினால், பழைய மதிலோடு சேராமல் ஒட்டு தனியாகத் தெரிகிறது என்று அர்த்தம். "உன் ஒட்டுல வந்து குந்திக்கப் போவுது பாரு," என்று சீண்டுகிறார் கொத்தனார் பச்சமுத்து. "வாய மூடிக்கினு பாருண்ணா." சுண்ணாம்பு அரித்த விரல்கள் முந்தானையை முறுக்குகின்றன. வெயில் மதிலில் வழிகிறது. புள்ளி பழைய கல்லை விட்டு நகர்ந்து, அவள் பூச்சின் மேல் ஏறி, தயங்காமல் தாண்டி, மதில் உச்சியில் கத்தும் கிளியிடம் போய் நிற்கிறது. முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜாம்பாள் கூவுகிறாள்: "பாத்தியாண்ணா, என் வேலைய அவுங்க பாக்கவே இல்ல!"