கடுகு சாஸ் ஆண்பால்

கலினாவுக்கு முன்னால் வரிசையில் இன்னும் ஒரே ஒருத்தன்தான் பாக்கி.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை. போலந்தின் லெக்னிட்சாவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து எல்லை தாண்டி வந்த எட்டாம் வகுப்பு மொத்தமும் ஒரு சாசேஜ் கடை முன்னால் நின்றது. பக்கத்திலேயே ஜெர்மன் டீச்சர் சோவா, கையில் மார்க் போடும் நோட்டோடு. ஆளுக்கு ஒரு சாசேஜ், ஜெர்மனில் பேசி வாங்க வேண்டும். அரையாண்டு மார்க்கே அதுதான்.

மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

ஜெர்மனில் பெயிலானால் பிப்ரவரி பனிச்சறுக்கு முகாமை மறந்துவிடு என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அந்த முகாமுக்காக கலினா ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

இலக்கணம் வேறு உயிரை எடுத்தது. போலிஷில் சாசேஜ், கடுகு சாஸ், பன் மூன்றுமே பெண்பால். ஒரு வம்பும் கிடையாது. ஜெர்மனில் சாசேஜ் மட்டும் பெண்ணாகவே இருக்கிறது. கடுகு சாஸ் ஆணாகிவிடுகிறது. பன்னோ இரண்டிலும் சேராமல் ஒன்றன்பாலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என்ன கண்றாவியோ!

முன்னால் நின்ற மார்செலி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான் ஒரு சாசேஜ்” என்று கடைக்காரப் பெண்ணிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அவள் சிரிக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சோவா டீச்சரும் சிரிக்காமல் ஒன்று போட்டார். ஒன்று என்றால் பெயில்.

அடுத்தது கலினா.

கடைக்காரி புருவம் வரை கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, மோவாய் வரை மஃப்ளர் சுற்றியிருந்தாள். அடுப்புப் புகையில் முகம் சரியாகத் தெரியவில்லை. கலினா மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை ஒப்பித்தாள். சாசேஜை ஆணாக்கிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் டீச்சரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

கடைக்காரி மளமளவென்று ஏதோ கேட்டாள். கலினாவுக்கு அதில் ‘கடுகு சாஸ்’ மட்டும்தான் புரிந்தது. வேண்டுமா என்று கேட்கிறாள் போலிருக்கிறது. வேண்டும்தான். சாஸ் இல்லாமல் மனுஷர் தின்பார்களா?

“நோ, நோ” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

போலந்துக்காரர்கள் நாங்கள் அப்படித்தான். எங்கள் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ஆமா’. டீ வேண்டுமா, நோ. சாப்பிட்டாச்சா, நோ, நோ. உலகத்தில் மற்ற எல்லாருக்கும் அது நேர் எதிர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள் கலினா. திறந்து பார்த்தால், சாசேஜ் மேல் கடுகு சாஸ் தாராளமாக வழிந்துகொண்டிருந்தது.

ஜெர்மன்காரியாக இருந்தால் வெறும் சாசேஜைத்தான் நீட்டியிருப்பாள். அட, இவள் நம்ம ஊர்க்காரி!

மார்க் நோட்டில் குனிந்திருந்த டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. கடைக்காரி டீச்சரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் அடைமழை மாதிரி ஜெர்மனில் பொழிய ஆரம்பித்தாள். நடுநடுவே கேள்வி கேட்டு, பதிலுக்கு ‘யா’, அதாவது ‘ஆமா’, என்று சொன்னால் போதும் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். கலினா எட்டுத் தடவை ‘யா’ சொன்னாள். ஒவ்வொரு தடவையும், இவள் என்னவோ பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதுபோல் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் டீச்சர் பக்கம் திரும்பி, இந்தப் பெண் பிரமாதமாகப் பேசுகிறாள், இவளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாக ஜெர்மனிலேயே சொன்னாள். கையையும் நீட்டினாள்.

சோவா டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கலினாவின் பெயருக்கு நேரே நாலு போட்டார். இரண்டு வாங்கினாலே பாஸ். கலினாவுக்குச் சந்தோஷத்தில் அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, கடைக்காரியைக் காட்டினார். “கேட்டீங்களா பிள்ளைங்களா? அந்த ‘ர’ தொண்டையிலேர்ந்து எப்படி உருண்டு வருது பாருங்க. இதெல்லாம் இந்த மண்ணுல பொறந்திருந்தாதான் வரும்.”

மொத்த வகுப்பும் கடைக்காரியை மரியாதையோடு பார்த்தது.

அவள் காகித நாப்கினைக் கொடுக்கும் சாக்கில் கலினாவின் காதுப் பக்கம் குனிந்தாள். பேசியது அசல் லெக்னிட்சா போலிஷ்.

“ரெண்டு வருஷம் என்னை ஜெர்மன்ல பெயில் போட்ட டீச்சரம்மா இவங்க. காட்டிக் குடுத்துடாதே கண்ணு. இன்னிக்குத்தான் பாஸாயிருக்கேன்.”