கைமடிக்கு ஆள்

தகரக் கூரையின் வெக்கையில் இசக்கிமுத்துவின் தையல் இயந்திரம் ஓயாது இரைகிறது. அவன் தைத்துத் தள்ளும் பனியன்களை மடித்து அடுக்கும் கைமடி, அவன் மனைவி நாகஜோதி. பத்தாம் வகுப்புத் தேறிய மகள் முத்துப்பிரியா அருகில் நிற்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் சேர இன்றே கடைசி நாள். நகரத்து அரசுப் பள்ளிகளில் உயிரியல் பிரிவு நிரம்பிவிட்டது. தனியார் பள்ளியில் சேர்த்தாலோ, அரசுப் பள்ளி மாணவிக்குரிய மருத்துவக் கல்லூரி இட ஒதுக்கீடு கைநழுவிப் போகும்.

"மடத்துக்குளத்து கவர்மெண்டு ஸ்கூல்ல இடம் இருக்கு. அம்புட்டு தூரத்துல பிள்ளைய ஒத்தையில விட முடியாது, நானும் போயி கூடவே தங்குறேன்," என்கிறாள் நாகஜோதி.

"ஒங்கப்பனா வந்து இங்க மடிப்பாரு? மெஷினு போச்சுன்னா காலேஜு செலவுக்கு எங்க போறது?" தையலை நிறுத்தாமலே கேட்கிறான் இசக்கிமுத்து.

"ஏனுங்க, கைமடி இல்லாத டெய்லருக்கு நான் எப்படீங்க மெஷின் குடுக்கறது?" என்று அவ்வழியே வந்த முதலாளி பொங்கியண்ணன் பணிவாகவே கேட்டுவிட்டு நகர்கிறார்.

நாகஜோதி முந்தானையில் முகம் புதைக்கிறாள். பனியன்கள் தேங்குகின்றன. முத்துப்பிரியா குனிந்து ஒன்றை எடுத்து மடிக்கிறாள், பிறகு இன்னொன்று. அவள் விரல்கள் தந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கின்றன. 'வேண்டாம் தாயி' என்று சொல்ல இசக்கிமுத்து வாய் திறக்கிறான். ஆனால் கால் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறது.