நாற்பத்து மூன்றாவது பெயர்

ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது ஒரே பள்ளியின் வேணி டீச்சரும் தமிழ்ச்செல்வி டீச்சரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வேணி கணக்கு நடத்துவார். முசிறியிலிருந்து தமிழ்ச்செல்வி அதே வகுப்பில் சேர்ந்து, சத்தம் வரும் மைக்குகளை அணைப்பார். வேணி தன் வருகைப் பட்டியலில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கீழே அவர் பெயரையும் எழுதியிருந்தார். கடைசியாகக் கூப்பிட்டதும் தமிழ்ச்செல்வி, "உள்ளேன் டீச்சர்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்ச்செல்வி இறந்துபோனார். ஜூனில் அவருடைய வகுப்புகளும் வேணிக்கே வந்தன. மூன்றாம் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

"இன்னைக்கும் முடியலன்னா வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போன் முன்னால் உட்கார்ந்தார்.

எல்லா வீட்டுக் குக்கரும் டிவியும் ஒன்றாகக் கேட்டன. வேணி கம்மிய குரலில் பெயர்களை வாசித்தார். அசதியில், பட்டியலிலிருந்து அடிக்காமல் விட்டிருந்த கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டார்.

"உள்ளேன் டீச்சர்."

பிள்ளைகள் சிரித்தார்கள், வழக்கம்போல. பிறகு மைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"தண்ணி குடிங்க வேணி. நான் பாத்துக்கறேன்."

வேணி தண்ணீர் குடித்தார். வருகை நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டு, பின்னங்களை நடத்தத் தொடங்கினார்.