ஒரே வேகம்

காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைக் கடைசியாக ஒரு முறை திருகிவிட்டு, ஏர் ரைஃபிளில் பத்து குண்டுகள் சுட்டுப் பார்த்தார் மெக்கானிக். வேகம் அளக்கும் கருவியைப் பார்த்ததும் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"பத்தும் ஒரே வேகம்! நாளைக்கு ஃபைனல்ல இந்த கஸ்டமரம்மாவை யாராலயும் அசைக்க முடியாது. கை வச்சது யாரு?"

"எதிர்ல யாராம்?" என்றாள் மனைவி, காபியை நீட்டியபடி.

"எவளோ ஒருத்தி. பாவம், வந்து நின்னுட்டுப் போக வேண்டியதுதான்."

"அது நான்தாங்க. நேத்து செமி ஃபைனல் என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

காபி அவருக்குப் புரையேறியது.

"நீயா? உன் துப்பாக்கில நான் இன்னும் கையே வைக்கலையே! அப்புறம் எப்படி ஜெயிச்சே?"

"அதனாலதாங்க."