டெஸ்டரிடம் கேட்ட கேள்வி

வயரைத் தொட்டால் அதில் கரண்ட் இருக்கிறதா என்று வயிற்றுக்குள் குட்டி விளக்கை ஏற்றிச் சொல்வதுதான் டெஸ்டருக்குத் தெரிந்த ஒரே வேலை. கருவிப் பையில் அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாமே அதன் தலையில்தான் விழுந்தது.

"இந்தப் பெயிண்ட் டப்பா மூடியைக் கொஞ்சம் நெம்பிக் குடு" என்றது கட்டிங் பிளேயர். டெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பிக் கொடுத்தது.

"சுவத்துல ஓட்டை போடணும், நில்லு" என்று வந்தது சுத்தியல்.

"நான் என்ன உளியா? உள்ளே கண்ணாடி விளக்கு இருக்குய்யா!"

"சும்மாதானே கிடக்கிறே? ரெண்டு அடி வாங்கினா குறைஞ்சா போயிடுவே?"

ஓங்கி அடித்த அடியில் உள்ளே விளக்கு நொறுங்கியது. டெஸ்டர் கத்திக் கத்திச் சொன்னது. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் சுவரில் தொங்கிய பழைய இரட்டை வயரை வெட்ட வேண்டியிருந்தது. பிளேயர் முதல் தடவையாக மரியாதையோடு கேட்டது: "அண்ணே, இதுல கரண்ட் இருக்கா?"

டெஸ்டர் வயரைத் தொட்டது. விளக்கு எரியவில்லை. "அவசரப்படாதே, என் விளக்குதான் உடைஞ்சு கிடக்கே!"

"நேத்துலேருந்து இதே புலம்பல். எரியலைன்னா கரண்ட் இல்லை, அவ்வளவுதானே?" என்று பிளேயர் ஒரே கடியில் வயரை வெட்டியது.

படார்!

புகை அடங்கியபோது பிளேயரின் வாயில் பெரிய பொத்தல். "கரண்ட் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன்னையெல்லாம் எதுக்குத்தான் வச்சிருக்கோமோ!"

டெஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் சுத்தியல் கூப்பிட்டது:

"ஏய் டெஸ்டர், நேத்து போட்ட ஓட்டை பத்தலை. வந்து நில்லு."