சுவருக்குள் ஒரு படிக்கட்டு

"எந்த மேஸ்திரிடா அந்தப் படிக்கட்டக் கட்னான்? அவன் கையில கட்ட மொளைக்க!"

வீங்கிய கணுக்காலை ஸ்டூலில் நீட்டியபடி சந்திரம்மா திட்டித் தீர்த்தாள். மகன் ஆல்வின் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டிருந்தான். பாவம், மேஸ்திரி என்ன செய்வார்? பிளானில் இருந்ததைக் கட்டினார். பிளான் வரைந்தவன் ஆல்வின்.

திருவிடந்தையில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஓட்டல், இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரபு கட்டிய மாளிகையின் அச்சு அசல் நகல். வேலைக்காரர்கள் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று பிரபு சுவருக்குள் ஒளித்து வைத்த படிக்கட்டைக்கூட ஆல்வின் விடவில்லை. இரண்டடி அகலம், செங்குத்தான படிகள், ஜன்னல் கிடையாது. "கொஞ்சம் அகலமாக்கலாமே தம்பி" என்று ஓட்டல் முதலாளியே கேட்டார். அசல் கெட்டுவிடும் என்று வாதாடி ஜெயித்தான் இவன். ஓட்டல் திறந்த அன்று அவனுடைய கேளம்பாக்கம் ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

அம்மா அங்கேயே சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்வாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து, பிளான் தன்னுடையது என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"யம்மா, இனிமே அங்க போவாத."

"போவாம?"

"என் சம்பளம் பத்தலயா?"

"பத்தாதுன்னு நான் சொன்னனா?"

"அப்பறம் இன்னாத்துக்கு அந்த இருட்டுல பெட்ஷீட் மூட்டையத் தூக்கினு ஏறி எறங்குற? இன்னிக்கு கணுக்காலு. நாளைக்கு இடுப்பு போனா?"

"கொஞ்ச நாள்தான்டா. அப்பறம் நானே நின்னுக்கறேன்."

"அப்டி இன்னாதாம்மா கீது அங்க?"

 சந்திரம்மா கூச்சத்தோடு சொன்னாள்.

"அது நீ வரைஞ்ச வூடுன்னு உம் பொண்டாட்டி சொல்லிச்சு. நீயா கூட்டினு போவேன்னு பாத்தேன், நீ பேச்சே எடுக்கல. எம்புள்ள வரைஞ்ச அந்தப் பெரிய ஹால ஒரு தரம் பாத்துட்டு நின்னுடலாம்னுதான்டா வேலைக்கே சேந்தேன். எட்டு மாசமாச்சு, எங்கள இன்னும் அந்தப் பக்கம் வுடல."